சுற்றிக்கொண்டே இருந்த பக்கம்

ஒரு மருத்துவமனையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள் அவள். இணையதளத்தைக் கவனிக்க வேறு ஆள் இல்லாததால் அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது. தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள். ஒருமுறை, தளத்தை நடத்தும் சர்வருக்கான கட்டளைகள் இருக்கும் அமைப்புக் கோப்பில் ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டாள். தளமே அரை நாள் படுத்துவிட்டது. அதிலிருந்து அந்தக் கோப்பைத் திறப்பதையே அவள் தவிர்த்துவந்தாள்.

அங்கேயே நர்ஸாக இருந்த அவளுடைய அக்கா ஒருநாள் காலையில் போனில் கூப்பிட்டாள்.

"ரத்தம் கொடுக்கிறவங்க பட்டியல் திறக்கவே மாட்டேங்குதுடி. ஒரு நிமிஷமா சுத்திக்கிட்டே இருக்கு. இங்க ஆபரேஷனுக்கு ஆள் வேணும்."

யார் கேட்டாலும் ஐயாயிரம் பெயரையும் சர்வர் முதலிலிருந்து திரட்டி, சுருக்காமல் அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த அமைப்புக் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு அவள் சில வரிகளைச் சேர்த்தாள். திரட்டிய பக்கத்தை ஐந்து நிமிடம் கையில் வைத்திரு, கேட்பவர்களுக்குச் சுருக்கி அனுப்பு என்பதுதான் அவற்றின் சாரம். பிழை இல்லை என்று சோதனையில் வந்தது. ஆனாலும் இன்னொரு தடவை ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகுதான் புது அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தாள்.

"இப்போ பாருக்கா."

"தொட்டதுமே வந்துடுச்சுடி. வை, நான் ஆளைக் கூப்பிடணும்."

அரை மணி நேரம் கழித்து அக்காவே மறுபடி பேசினாள். "ரெண்டு பேர் வந்துட்டாங்க. இனி கவலையில்ல."

மேஜைக்கடியில் எப்போதோ கழன்றுபோன செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு, அவள் நிம்மதியாக டீ குடிக்கப் போனாள்.