ஒரு கண்ணை மூடிப் பார்த்தவள்

அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. டெங்கு யாருக்கு, எதனால் வருகிறது என்று ஆராய்ச்சி செய்ய எங்கள் லைன் வீடுகளுக்கு வந்தவள். ஒல்லியாக, வெயிலில் கறுத்திருந்தாள். எந்தத் தண்ணீர் டிரம்மைக் கண்டாலும் முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு டார்ச் அடித்துப் பார்ப்பாள்.

எங்களுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். என் டிரம்மை, நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியின் வேஸ்ட் துணியால் மூடி வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஆனால் துணி நடுவில் தொய்ந்து, குழியில் தண்ணீர் நின்றது. அதில் கொசுப்புழு நெளிவதை அவள்தான் காட்டினாள்.

“ஊட்டுல ஆருக்காச்சும் காச்சல் வந்துச்சுங்களாம்மா?” என்று கேட்டாள்.

“இல்ல கண்ணு,” என்றேன்.

பொய். போன மாதம் என் மகள் டெங்குவில் கிடந்தாள். தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்று பயம். வந்தவள் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே போய், “என் புள்ளைக்கு வந்துச்சு கண்ணு. ஊட்டுக்காரருகிட்டச் சொல்லிப்போடாத,” என்றேன்.

“பேரே எழுதறதில்லீங்கம்மா, நம்பர்தான். நீங்க சொல்லாட்டி, புழு இருந்தும் இந்த ஊட்டுல காச்சல் வரலைன்னு எங்க ஆராய்ச்சி சொல்லியிருக்குமுங்க,” என்று சிரித்து, அடித்துத் திருத்தினாள்.

பிறகு என்னிடமே ஜட்டி எலாஸ்டிக் கேட்டு வாங்கி, வேறு துணியை டிரம்மின் வாயில் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

இப்போது நானும் ஒரு கண்ணை மூடித்தான் டிரம்முக்குள் பார்க்கிறேன். ஏன் மூட வேண்டும் என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கூச்சத்தில் விட்டுவிட்டேன்.