கோவாப் பாத்தி நத்தை

பல்கலைக்கழகத்தில், எங்கள் பேச்சில் கெம்பஸில், நான் கடல் நத்தைகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் என் அண்ணன். அப்பா போனபிறகு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி என்னைப் படிக்க வைத்தவன் அவன்தான். அதை வாரத்துக்கு ஒருமுறை சொல்லிக் காட்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. போன விடுமுறையில் பக்கத்து வீட்டார் முன்னால் வைத்தே கேட்டான்.

"நத்தைய எண்ணுறதுக்கா ஒன்ன இவ்வளவு படிக்க வெச்சேன்?"

எனக்குச் சுருக்கென்றது. பேசாமல் எழுந்து போயிருக்கலாம். நானோ வரிந்து கட்டிக்கொண்டு விளக்கினேன். கடல் தண்ணீர் முழுக்கப் பக்டீரியா. நத்தையால் ஓடி ஒளியவும் முடியாது. ஒருமுறை வந்த கிருமியை நம் ரத்தம் அடையாளம் வைத்துக்கொள்வதுபோல் அதன் ரத்தம் வைத்துக்கொள்ளாது. ஆனாலும் அதில் காவல் திரியும் உயிர்க்கலங்கள் இருக்கின்றன. உள்ளே நுழைவதைப் பிடித்து விழுங்கிவிடும். மேலே இருக்கும் சளியும் கிருமியைத் தடுக்கும். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தைவிட அந்தச் சளி மேலானது, காயத்தில் பூசினால் சீழே பிடிக்காது என்றும் அடித்துவிட்டேன். அப்பட்டமான பொய். ஆய்வுக்கூடத்தில் வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு அவன் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து, நான் கெம்பஸுக்குத் திரும்பியிருந்தபோது, அண்ணி போன் எடுத்துச் சொன்னார். கவ்வாத்துக் கத்தி வழுக்கி அண்ணனின் இடது பாதத்தைக் கிழித்திருக்கிறது. டிஸ்பென்சரிக்குப் போகாமல், லயத்துக்குப் பின்னால் முட்டைக்கோஸ் நட்டிருந்த கோவாப் பாத்தியில் நத்தைகளைப் பொறுக்கி, நான்கு நாளாகச் சளியைத் தேய்த்திருக்கிறான். மாட்டுச் சாணி போட்ட பாத்தி அது. கடல் நத்தை வேறு, மலை நத்தை வேறு என்று நான் அவனுக்குச் சொல்லவே இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பாதம் கறுத்து வீங்கி நாறியது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். நீதானே சொன்னாய் என்றான். அத்தனை கேலிக்கும் அடியில் என் பேச்சை அப்படியே நம்பியிருக்கிறான், பாவி.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைப் பார்த்ததும் இரண்டு விரல்களை எடுத்தால்தான் கால் தப்பும் என்றார். என்ன பூசினீர்கள் என்று கேட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பாமலே, மண் பட்டுவிட்டது என்றான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. லயத்தில் ஊரார் முன் காப்பாற்றாத என் மானத்தை இங்கே காப்பாற்றுகிறானாம். நத்தைச் சளி, நான் சொல்லித்தான் பூசினான் என்றேன். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு, நீ என்ன செய்கிறாய் என்று கேட்டார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவன்தான் பதில் சொன்னான்.

"கெம்பஸ்ல படிக்குதுங்க. எங்க லயத்துலயே மொதல்ல போன புள்ள."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்படிச் சொன்னதற்கு அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.