ஒன்றரை இறங்கிய முள்

எதையும் நம்பாதவர்களில் பல வகை உண்டு. எங்கள் ஏசி குழாய்க்காரர் சோப்பு நுரை வகை. இருபத்திரண்டு வருடமாகக் குழாய் இணைப்புகளில் நுரை தடவி, லீக்கைக் காட்டும் குமிழி வருகிறதா என்று பார்த்தே பழகியவர். ஒருநாள் விசில் வரவில்லை என்று குக்கர் மூடியைச் சுற்றியும் தடவிவிட்டார். மனைவி ஒரு வாரம் பேசவில்லை. அந்த வாரத்தை இன்றும் நன்றியோடு நினைவுகூர்வார்.

இப்பேர்ப்பட்டவருக்கு, எல்லாவற்றையும் நம்பும் மைத்துனர் ஒருவர் வாய்த்தார். மனைவியின் தம்பி, ஃபால்ஸ் சீலிங் போடுபவர்.

இருவருக்கும் ஒரு பல் மருத்துவமனையில் வேலை. மொட்டை மாடியில் ஒரே மெஷின். அங்கிருந்து ஐந்து அறைகளுக்கும் செப்புக் குழாய்கள். மொத்தம் இருபது இணைப்பு. குழாயில் நைட்ரஜனை ஏற்றி ஒருநாள் விட வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜ் முள் அசையாமல் நின்றால்தான் லீக் இல்லை, அப்போதுதான் சீலிங்கை மூடலாம் என்பது சாஸ்திரம்.

ஏற்றிவிட்டுப் போனவர் மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தால் சீலிங் மூடியிருந்தது. ஐந்து அறையிலும்.

“மாமா கை வெச்சா லீக் ஆகுமா? அந்த நம்பிக்கைலதான் மூடிட்டேன்” என்றார் மைத்துனர்.

இந்த மாதிரி நம்பிக்கைக்குப் பகையே தேவலாம். மாடியேறிப் பார்த்தால், முள் நேற்று நின்ற இடத்தில் அவர் போட்ட சிவப்புக் கோட்டிலிருந்து ஒன்றரை இறங்கியிருந்தது. மாடியில் இருந்த பத்து இணைப்பிலும் நுரை தடவினார். ஒரு குமிழி இல்லை. மிச்சம் பத்தும் சீலிங்குக்கு மேலே.

“அறுத்துடலாமா மாப்ளே?”

மைத்துனர் அக்காவுக்கு போன் போட்டு மாமா கையில் கொடுத்தார்.

“என் தம்பி போட்ட பலகைல ரம்பம் பட்டுச்சுன்னா, அந்த ஆஸ்பத்திரிலயே குடியிருந்துக்கோங்க” என்றது போன்.

அப்போதுதான் குழாய்க்காரருக்கு உறைத்தது. காற்றை ஏற்றியது நேற்று மதியம் இரண்டு மணிக்கு, மண்டையைப் பிளக்கும் வெயிலில். இப்போதோ இளங்காலை. குளிர்ந்தால் காற்று சுருங்கும், முள் இறங்கும். அதற்காகவே அழுத்தத்தோடு அன்றைய வெப்பத்தையும் குறித்து வைப்பது வழக்கம். நேற்று அழுத்தம் எழுதினார், நேரம் எழுதினார், கையெழுத்துகூட வளைத்துப் போட்டார். வெப்பத்தை மட்டும் விட்டுவிட்டார்.

கணக்குப் போட்டுப் பார்க்கவும் முடியாது. இனி ஒரே வழி, நேற்றைய வெயில் மறுபடி வந்து, முள் பழைய கோட்டுக்கே ஏற வேண்டும். வெயில் வராதா என்று வானத்தைப் பார்த்து உட்கார்ந்த ஏசிக்காரரை உலகம் அன்றுதான் கண்டது. பதினொரு மணிக்கு ஒரு மேகம் வந்தது. மாமனும் மைத்துனனும் சேர்ந்து அதைத் திட்டினார்கள். குடும்பத்தில் அப்படியொரு ஒற்றுமை அதுவரை இருந்ததில்லை.

மேகம் விலகியது. முள் அரை ஏறியது; பிறகு முக்கால். இரண்டு மணிக்குச் சிவப்புக் கோட்டின்மேல் போய் உட்கார்ந்து, அரை மணி நேரம் அசையவே இல்லை. நைட்ரஜனைத் திறந்துவிட்டார். குழாய்க்கு முன்னால் அவர்தான் பெருமூச்சு விட்டார்.

மனைவிக்கு போன் போட்டார். “பலகை தப்பிச்சுது.”

“நீங்களும்தான்” என்றாள்.