ஒரே மேசையில் மூன்று மணித்தியாலம்

யசீகரனுக்கும் ரதிதேவிக்கும் கலியாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்த சனிக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு அவர்கள் ஆக்லாந்து துறைமுகக் கரையில், ஒரு ஆர்ஜென்டினா உணவகத்தின் கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். வெலிங்டனில் வேலை பார்க்கும் மகள் லக்ஷிகா செய்த ஏற்பாடு அது. "நைன் கோர்ஸஸ், அப்பா. த்ரீ அவர்ஸ். ஜஸ்ட் சிட் அண்ட் ஈட்" என்று போனில் சொல்லியிருந்தாள். அந்த மூன்று மணித்தியாலமும் படுத்துக் கிடக்க விட்டால் எவ்வளவு நல்லது என்றுதான் யசீகரனுக்குத் தோன்றியது. மகளிடம் அதைச் சொல்லவில்லை.

பதினேழு வருடமாக அவன் ஒனிஹங்காவில் ஒரு குளிர்க்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பின்னேரம் இரண்டு மணிக்குப் போனால் வீடு திரும்பப் பதினொன்றாகும். ரதிதேவி மவுண்ட் ரோஸ்கில்லில், வீட்டுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அவன் வரும்போது அவள் தூக்கம், அவள் புறப்படும்போது அவன் தூக்கம். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் நிற்க வேண்டுமென்று செய்துகொண்ட ஒழுங்கு. மகள் வளர்ந்து வேறு ஊருக்குப் போன பிறகும் அதை மாற்ற வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஞாயிறுகளில் அவளுக்கு வேலை. சனிக்கிழமைகளில் துணி தோய்ப்பும் கடைகண்ணியும் கோயிலும்.

முதலில் கட்டைவிரல் அளவில் ஒரு பணியாரம் வந்தது, உள்ளே சோளம். யசீகரன் அதை ஒரே வாயில் போட்டுவிட்டுப் பார்த்தான். பக்கத்து மேசைக்காரர் அதையே மூன்று கடியாகக் கடித்து, நடுவில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சின்ன இரும்புச் சட்டியில் உருகிய சீஸ். பிறகு மீன். ஒவ்வொரு தட்டையும் வைத்துவிட்டு, பரிமாறுகிற பெண் அது எந்த மலையடிவாரத்துச் சாப்பாடு, எந்த விறகில் சுட்டது என்று விளக்கினாள். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினார்கள்.

மூன்றாவது தட்டுக்குள் வீட்டுக் கதை முடிந்துவிட்டது. கூரைப் பீலி ஒழுகுகிறது. காரைச் சோதித்து வாரண்ட் எடுக்க வேண்டும். ரதிதேவியின் தம்பி விநாயகமூர்த்தி ரொறன்ரோவில் வீடு மாறுகிறான். அதற்குப் பிறகு என்ன கதைப்பதென்று யசீகரனுக்குத் தெரியவில்லை. வெளியே பாய்மரப் படகுகள் காற்றில்லாமல் கட்டிக் கிடந்தன. அவளும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது தட்டு மரப்பலகையில் வந்தது. அவனுக்கு முன்னால் தணலில் சுட்ட பூசணித் துண்டு. அவளுக்கு முன்னால் எலும்போடு ஒரு துண்டு இறைச்சி. எட்டு மணித்தியாலம் நெருப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்ட மாட்டு விலா என்று அந்தப் பெண் சொன்னாள்.

யசீகரன் கையை உயர்த்தினான். "சொறி. நோ பீஃப். எங்கள் ரெண்டு பேருக்கும்."

அந்தப் பெண் பதறிப்போய் ஏப்ரன் பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். பதிவு செய்தவர் ஒருவருக்குத்தான் மாட்டிறைச்சி வேண்டாம் என்று எழுதியிருக்கிறார் என்றாள். ஆனாலும் பலகையைத் தூக்கக் குனிந்தாள். ரதிதேவி அதன் விளிம்பில் கையை வைத்தாள்.

"இட்ஸ் ஓகே. லீவ் இட்."

பெண் போய்விட்டாள்.

"என்ன ரதி இது?"

"இறைச்சி."

"அது தெரியுது. நீர் சாப்பிடுறனீரோ?"

"ஓம்."

"எப்ப துவங்கினனீர்?"

"பத்து வருசம் இருக்கும்." அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரெண்டு பேர் வேலைக்கு வரேல்லை. விடிய நாலரைக்குக் குடிச்ச தேத்தண்ணியோட நிண்டன். கிச்சின்ல நிண்ட மனிசி ஒரு பிளேட்டில போட்டுத் தந்தவ. மாடோ ஆடோ எண்டு பார்க்கேல்லை. சூடா இருந்தது. நிண்டபடியே சாப்பிட்டன். பிறகுதான் கேட்டன். தெரிஞ்சாப் பிறகும் அடுத்த ஞாயிறு சாப்பிட்டன்."

"லக்ஷிக்குத் தெரியுமோ?"

"தெரியாமலே உப்பிடி எழுதினவள்? சின்னனில ஞாயிறுகளில என்னோட அங்க வந்து நிக்கிறவள். கண்டிருக்கிறாள்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"நான் ஒளிக்கேல்லை. நீங்கள் வீட்டில முழிப்பா நிண்டாலெல்லோ சொல்லுறதுக்கு."

அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோல் சொன்னாள். யசீகரன் தனக்குக் கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். கலியாணமான புதிதில் என்றால் எழும்பிப் போயிருப்பான். இப்போது கால்களில் அதற்கான பெலன் இல்லை. இறைச்சி அவனை அவ்வளவாக வருத்தவில்லை. மூன்று பேர் இருந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்த ஒன்று, பத்து வருடம் தனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. வேறு என்னென்ன இருக்கிறதோ என்று எண்ணத் தொடங்கினான்.

"ஆறப்போகுது. சாப்பிடும்" என்றான்.

அவள் கத்தியை எடுத்தாள். வலக்கையால் அழுத்தப் பார்த்து, விட்டு, இடக்கைக்கு மாற்றினாள். அதுவும் சரிவரவில்லை.

"கைக்கு என்ன?"

"கையில்லை, தோள். ஒரு ஆளைத் தூக்கேக்க பிடிச்சது. ரெண்டு வருசமாச்சு. மேல உயர்த்தேலாது. அதாலதானே தலைமயிரை வெட்டினனான்."

அவள் மயிரைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்த நாள் அவனுக்கு நினைவிருந்தது. வெள்ளைக்காரி மாதிரி வெட்டிவிட்டாளே என்று எண்ணி, வாயைத் திறக்காமல் வேலைக்குப் போயிருந்தான். அந்த எண்ணத்தோடேயே இரண்டு வருடம் அவளைப் பார்த்திருக்கிறான்.

பலகையைத் தன் பக்கம் இழுத்தான். பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சியைத் தொட்டதில்லை. எலும்பைப் பிடித்துக்கொண்டு, சதையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் திருப்பி வைத்தான். விரல்களில் புகை மணத்தது. ரதிதேவி சாப்பிட்டாள், ஒரு துண்டும் மிச்சம் விடாமல்.

"நல்லா இருக்கோ?"

"இல்லத்தில தாறதைவிட நல்லா இருக்கு."

எட்டாவது தட்டுக்குக் காத்திருந்தபோது அவள் கன்னத்தில் கையை ஊன்றியபடி கண்ணயர்ந்துவிட்டாள். பரிமாறுகிற பெண் இரண்டு கிண்ணங்களோடு வந்தாள். யசீகரன் உதட்டில் விரலை வைத்தான். அவள் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனாள். கால் மணித்தியாலம் அவன் அசையாமல் இருந்தான். பக்கத்து மேசைக்காரர் பார்த்தது தெரிந்தது. பார்க்கட்டும் என்று இருந்துவிட்டான்.

திங்கட்கிழமை அவன் மேலாளரிடம் போய்க் காலை முறை வேலை கேட்டான். ஆள் வெற்றிடம் வரட்டும் என்றார்கள். ஐந்து மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்கிடையில் ரதிதேவியைக் கூட்டிக்கொண்டு போய்த் தோளைக் காட்டினான். நாள் செல்லும், முழுதாக மாறுமென்று சொல்ல முடியாது என்றார் பிசியோ பார்க்கிற பிள்ளை. கை இப்போது காதுமட்டம் வரை உயர்கிறது.

பின்னேரம் நான்கு மணிக்கு இரண்டு பேரும் வீட்டில் நிற்கிறார்கள். நிறையக் கதைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் தேத்தண்ணி போட, மற்றவர் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார். டிவியைப் போட்டுவிட்டு, செய்தி முடிய முன்னமே சில நாட்களில் இருவரும் இருந்த இருப்பிலேயே தூங்கிவிடுகிறார்கள்.