ஞாயிறு விடுமுறை

மலேசியாவில் நான் வேலை பார்க்கும் மெர்கோங்கில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் சாலையில் கார்கள் முட்டிக்கொண்டு நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் மூட்டை சுமந்து போவார்கள், வங்கி திறக்கும். இந்தக் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு வாரத்தின் முதல் வேலை நாள். அருப்புக்கோட்டையில் இருக்கும் என் மனைவி இதை இன்னும் நம்பவில்லை. "ஞாயித்துக்கெழமை எவன் ஆபீஸ் தொறந்து வச்சிருக்கான்?" என்று வீடியோவில் கேட்டாள். போனைத் திருப்பி அலுவலகத்தைக் காட்டினேன். பக்கத்து மேசை ஃபைசல் அந்த நேரம் பார்த்துக் கையாட்டினான். ஆள் செட்டப் பண்ணி வைத்திருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டாள்.

எங்கள் சாப்ட்வேர் கம்பெனி சின்னது. சுங்கை பட்டாணியில் உள்ள ஒரு டயாலிசிஸ் மையத்துக்காக நான் ஒரு மாட்யூல் எழுதினேன். நோயாளிகள் காலையில் போனில் வேன் கேட்டு ஒரு பொத்தானை அழுத்துவார்கள். அந்தக் கோரிக்கை வெப் சர்வருக்கு வரும். என் மாட்யூல் சர்வரின் வாசலில் நின்று, இன்று மையம் உண்டா என்று பார்க்கும். உண்டென்றால் டிரைவரின் பட்டியலுக்கு அனுப்பும், இல்லையென்றால் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடும். திருப்பி அனுப்பும் வாசகத்தைத் தமிழிலும் எழுதச் சொன்னார்கள். "இன்று ஞாயிறு விடுமுறை. நாளை வாருங்கள்" என்று எழுதினேன். ஞாயிறு விடுமுறை என்று சர்வருக்குச் சொல்லும் அந்த வரியை நான் எழுதியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தில், டை கட்டிய நிலையில். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

சோதனையும் செய்தேன். சோதிக்காமல் அனுப்பும் ஆள் இல்லை நான். திங்களன்று திறக்கிறதா, திறந்தது. ஞாயிறன்று மூடுகிறதா, அழகாக மூடியது. திரையெல்லாம் பச்சை, எல்லாம் பாஸ். கேள்வித்தாள் எழுதியதும் பரீட்சை எழுதியதும் பேப்பர் திருத்தியதும் ஒரே ஆள் என்றால் நூற்றுக்கு நூறு வராமல் எங்கே போகும்? திங்களன்று சர்வரில் ஏற்றினோம். வாரம் முழுக்க நன்றாக ஓடியது. வெள்ளியன்று மையம் மூடியிருப்பது நோயாளிகளுக்குத் தெரியும் என்பதால் யாரும் வேன் கேட்கவில்லை. அதனால் வெள்ளியை வேலை நாளாக எண்ணிய மாட்யூலின் தப்பும் வெளியே வரவில்லை.

ஞாயிறு காலை அலுவலக போன் அடித்தது. சுங்கை பட்டாணிக்குப் பக்கத்து மெர்போக்கிலிருந்து கோகிலா என்ற பெண். அவளுடைய அப்பா முனியாண்டிக்கு ஞாயிறு, செவ்வாய், வியாழன் டயாலிசிஸ்.

"அண்ணே, வேன் கேட்டா லீவுன்னு காட்டுது. அப்பா ஜாலான் ஓரத்துல நாக்காலி போட்டு உக்காந்திருக்காருலா." ஜாலான் என்றால் இங்கே சாலை.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்க. சென்டர் லீவு" என்றேன். குரலில் நிதானம் இருந்தது. மாட்யூல் சரியாக வேலை செய்கிறது என்ற திருப்திகூட இருந்தது.

கோகிலா கேட்டாள்: "அண்ணே, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்ல."

"அப்ப என்னா லீவுண்ணே?"

அப்போதுதான் உறைத்தது. முனியாண்டிக்குக் கடைசியாக ரத்தம் சுத்தமானது வியாழக்கிழமை. இன்று விட்டால் அவருடைய அடுத்த முறை செவ்வாய். "கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. இப்பவே மூச்சு வாங்குது" என்றாள் கோகிலா. நான் மரியாதையாகத் திருப்பி அனுப்பியது அவரைத்தான் என்று புரிந்தது. முதலில் வேன் டிரைவரை அழைத்தேன். பட்டியல் காலியாக இருந்ததால் அவர் தே தாரிக் என்ற நுரை பொங்க ஆற்றிய டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் உடம்பு சரியாகிவிட்டது போல என்று நினைத்தாராம். மெர்போக்குக்குக் கிளம்பச் சொல்லிவிட்டு, சர்வர் அமைப்பில் மாட்யூலை ஏற்றும் வரியை முடக்கி, சர்வரை மறுபடி கிளப்பினேன். வாசலில் காவல் இல்லாத சர்வர் எல்லோரையும் உள்ளே விட்டது. டிரைவரின் பட்டியல் நிரம்பியது.

முனியாண்டிக்கு மதிய முறையில் இடம் கிடைத்தது. மாலையில் கோகிலா கூப்பிட்டாள். "அப்பாவுக்கு மூச்சு நல்லாருச்சு. உங்ககிட்ட பேசணுமாம்." எதற்கும் தயாராக நின்றேன். முனியாண்டி திட்டவில்லை. "ஊர்லேருந்து வந்து எத்தன மாசம் தம்பி?" என்றார். ஏழு என்றேன். "அதான்லா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் மாட்யூலைத் திருத்தினேன். விடுமுறை எது என்பதை இனி அது தானாக முடிவு செய்யாது, எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்லும். கெடாவுக்குச் சோதனைகள் எழுதினேன். ஊருக்கு ஊர் பதில் மாறுகிறதா என்று பார்க்க இன்னொரு ஊரும் வேண்டியிருந்தது. கோலாலம்பூர் போட்டிருக்கலாம், அங்கேயும் ஞாயிறு விடுமுறைதான். விரல் அருப்புக்கோட்டை என்று அடித்துவிட்டது. சரிபார்க்க உட்கார்ந்த ஃபைசல் அந்த வரியில் நின்றான்.

"இந்தக் கிளினிக் எங்கே இருக்கிறது?" என்று மலாயில் கேட்டான்.

"அங்கே நமக்குக் கிளினிக் இல்லை. என் மகள் இருக்கிறாள்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

வேலையில் சொந்தக் கதையைக் கலக்காதே என்று அவன் சொல்லியிருக்கலாம். தலையைச் சொறிந்துவிட்டு அப்படியே விட்டுவிட்டான்.

இப்போது மாட்யூலில் எதைத் தொட்டாலும் எல்லாச் சோதனைகளும் முதலிலிருந்து ஓடும். ஞாயிறு, கெடா: திறந்திருக்கிறது. பச்சை. ஞாயிறு, அருப்புக்கோட்டை: விடுமுறை. பச்சை. போன ஞாயிறும் ஓட்டினேன். ஓடிக்கொண்டிருக்கும்போது மகள் வீடியோவில் வந்தாள், எண்ணெய் வைத்த தலையோடு. "லீவுதானேப்பா, வாங்க" என்றாள். திரையில் இரண்டு வரிகளும் சரி என்றன. எனக்கு வேலை இருந்தது.