அப்பா ஒத்துக்கொண்ட பெண்

சந்தேகம் எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. அப்பாவின் சட்டையைத் துவைக்கப் போடும் முன் அம்மா முகர்ந்து பார்ப்பாள். பையில் கிடக்கும் பஸ் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாள். எனக்குப் பதினொரு வயதானபோது என்னையும் இந்த வேலையில் சேர்த்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு அம்பத்தூரில் கம்பெனி வேலை. ஷிப்டு முடிந்து ஆறரைக்குள் ஐயப்பன்தாங்கல் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் சில மாதங்களாக எட்டு மணிக்குத்தான் வந்தார். கேட்டால் டிராபிக் என்பார். அப்பா வந்து இறங்கும் பஸ் டெப்போவுக்கு எதிரில் என் டியூஷன் இருந்ததால், அவர் யாரைப் பார்க்கிறார் என்று கவனித்து வரச் சொன்னாள் அம்மா.

வேவு பார்ப்பது சுலபமாக இருந்தது. அப்பா எங்கேயும் போகவில்லை. டெப்போ பெஞ்சில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரிடமும் பேசவில்லை. அடிக்கடி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அப்படியே வந்து அம்மாவிடம் சொன்னேன்.

“ஒரு ஆம்பள சும்மா ஒக்காந்துகினு இருப்பானா? எவளுக்கோ காத்துகினு கீறாரு. மூஞ்சி வேற தொடைக்கிறாராமே. நீ சரியா பாக்கல.”

மறுநாளும் இதே கதை, இதே திட்டு. மூன்றாம் நாள் அலுத்துப்போய், ஒரு பெண் வந்தாள் என்று சொல்லிவிட்டேன். டியூஷன் மிஸ்ஸின் கண்ணாடி, மாடிவீட்டு அக்காவின் சடை, மஞ்சள் சுடிதார். அவளை நன்றாகத்தான் செய்திருந்தேன். அம்மா என்னை மாதா படத்துக்கு முன் நிறுத்திச் சத்தியம் கேட்டாள். செய்தேன். அழுவாள் என்று பயந்திருந்தேன். அவள் முகமோ தெளிந்துவிட்டது. எனக்கு முட்டை பஃப்ஸ் வாங்கித் தந்தாள்.

அப்பா வந்ததும் கண்ணாடி, சடை, சுடிதார் எல்லாவற்றையும் அடுக்கினாள். அவர் இல்லை என்பார், நான் மாட்டிக்கொள்வேன் என்று கதவோரம் ஒதுங்கினேன். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

“ஆமா,” என்றார். “இனிமே போவ மாட்டேன்.”

அதன்பிறகு ஆறரைக்கே வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா அவரை மன்னிக்கவில்லை. எனக்கோ வேறு குழப்பம். நான் கற்பனை செய்த பெண் நிஜமாகவே இருந்திருக்கிறாள், என் கண்ணில் மட்டும் படாமல்! இரண்டு வருடம், பஸ்ஸில் கண்ணாடி போட்ட பெண்களையெல்லாம் முறைத்துக்கொண்டு போனேன்.

எனக்குத் திருமணமாகி ஆறு வருடமாகிறது. பூந்தமல்லியில் வீடு. என் கணவர் வேலை முடிந்து வந்ததும் கீழே பார்க்கிங்கில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், வண்டிமேல் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய போனைத் துழாவினேன். ஒன்றும் சிக்கவில்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது. போன வாரம் அவரே சொன்னார்: மனச்சோர்வாம், டாக்டரைப் பார்க்கிறாராம், மாத்திரை சாப்பிடுகிறாராம். டாக்டர் ஆணா பெண்ணா என்றுதான் நான் முதலில் கேட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அதோடும் விடவில்லை. யாரை மறைக்கிறீர்கள் என்று மறுபடி மறுபடி கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நீயே ஒரு பேரைச் சொல்லிடு. ஆமான்னு ஒத்துக்கறேன். அப்புறமாவது என்னை விடு.”

அப்பா அன்று சொன்ன ‘ஆமா’ எனக்கு நினைவுக்கு வந்தது. அப்பா இறந்து நான்கு வருடமாகிறது. காரணமே தெரியாமல் அழுகை வருகிறது, வீட்டுக்கு வரப் பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் நாங்கள் யாரும் நம்பியிருக்க மாட்டோம். ஒரு பெண் இருக்கிறாள் என்றால் உடனே நம்புவோம். அது அவருக்குத் தெரிந்திருந்தது. பதினொரு வயதில் எனக்குத் தெரியவில்லை.