அம்மா கிளப்பிய பஸ்

நேற்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் "ரைட்" என்று குரல் கொடுத்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா மகள், "எதுக்கு சித்தி தனியா சிரிக்கிறே?" என்றாள்.

எங்கம்மாவுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை அது. சோறு வெந்தால் ரைட். புடவை பேரம் படிந்தால் ரைட். என் காய்ச்சல் விட்டாலும் நெற்றியைத் தொட்டுப் பார்த்து ரைட். குமாஸ்தாவான அப்பாவுக்குத் தாங்காது. "சரி, வலது, உரிமைன்னு எவ்ளோ அர்த்தம் இருக்குது. கண்ட எடத்துல சொல்லாதே" என்பார்.

எனக்குப் பத்து வயசிருக்கும். கீழ்பென்னாத்தூரில் அக்காவுக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்து சொல்ல, மூணு பேரும் ஓடிப்போய் பஸ் ஏறினோம். உள்ளே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டையும் டீசல் புகையும் சேர்ந்து நெடியடித்தது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டரோ இன்னும் ஆள் சேரட்டும் என்று கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"போய்க் கேளுங்களேன்" என்றாள் அம்மா. அப்பா, "நாம எப்படி கேக்கறது?" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா எழுந்தாள். படிக்கட்டுப் பக்கத் தகரத்தை ரெண்டு தட்டு தட்டி, "ரைட்!" என்றாள்.

பஸ் கிளம்பிவிட்டது! கண்டக்டர் டீ கிளாஸோடு ஓடிவந்து தொற்றி ஏறினார்.

"யாரு ரைட் சொன்னது?"

"நாந்தான். எம்பொண்ணு வலியில துடிக்கிறா."

அவர் மூணு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். நாங்கள் அக்கா வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் உள்ளே குழந்தை அழுதது. அம்மா வாயைத் திறக்குமுன் அப்பாவே சொன்னார், "ரைட்."

அன்றைக்கு அழுதவளிடம் நேற்று சொன்னேன்: "நீ பொறக்கறதுக்குள்ள வந்துடணும்னு ஒங்க ஆயா பஸ்ஸையே கெளப்பிட்டாங்கடி!"